பொதியில் மட்டும் இருந்த வரி

2024 மார்ச் மாதக் கடைசி வாரம். போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தள மென்பொருளை வளர்ப்பவர்களில் ஒருவரும் மைக்ரோசாஃப்ட் பொறியாளருமான ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட், தன் லினக்ஸ் கணினியில் வேக அளவீடு செய்துகொண்டிருந்தார். நுண்ணிய அளவீடு என்பதால் பின்னணியில் வேறு வேலை எதுவும் ஓடக் கூடாது. ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்தும் 'எஸ்எஸ்ஹெச்டி' என்ற நிரல் மட்டும் எதிர்பாராத அளவுக்குக் கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது.

தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழைய வருபவரை வாசலில் நிறுத்தி அடையாளம் கேட்பதுதான் எஸ்எஸ்ஹெச்டியின் வேலை. இணையத்தோடு இணைந்த எந்தக் கணினியையும் இரவு பகலாகத் தானியங்கி நிரல்கள் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். இல்லாத பெயரைச் சொல்லி வருபவற்றை எஸ்எஸ்ஹெச்டி உடனே திருப்பி அனுப்பிவிடும். இப்படித் திருப்பி அனுப்ப முன்பு 0.299 வினாடி ஆனது. இப்போது 0.807 வினாடி ஆனது.

அந்த அரை வினாடி எங்கே போகிறது என்று ஃப்ராய்ண்ட் தேடினார். அது 'லிப்எல்இசட்எம்ஏ' என்னும் நிரலகத்துக்குள் போனது. கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் நிரலகம் அது. ஒருவரை வாசலில் மறித்துத் திருப்பி அனுப்புவதற்கும் கோப்புச் சுருக்கத்துக்கும் என்ன தொடர்பு? அந்த நிரலகத்தின் எந்தச் செயற்கூற்றில் நேரம் செலவாகிறது என்பதையும் அளவீட்டுக் கருவியால் சொல்ல முடியவில்லை. சில வாரங்களுக்கு முன், மென்பொருள் பொதிகளைப் புதுப்பித்த பிறகு, நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் 'வால்கிரைண்ட்' கருவி காரணம் புரியாத புகார் ஒன்றைக் காட்டியது அவருக்கு நினைவு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்.

டெபியன் லினக்ஸ் குழுவின் பொதியில்தான் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று அவர் முதலில் நினைத்தார். தோண்டிப் பார்த்தபோது கோளாறு அதற்கும் மேலே, மென்பொருளின் ஊற்றிலேயே இருந்தது. மார்ச் 29 அன்று அவர் கண்டதை உலகுக்கு அறிவித்தார். சந்தேகத்துக்குரிய பொருள், அந்த நிரலகத்தை உள்ளடக்கிய 'எக்ஸ்இசட் 5.6.0' என்ற மென்பொருளின் மூலநிரலைக் கட்டித் தந்த ஒரு சுருக்கக் கோப்பு. அதற்கு அடுத்து வந்த 5.6.1 பொதியும் அப்படியே. கோப்புச் சுருக்க மென்பொருளே சுருக்கப்பட்ட பொதியாக வந்து, தன் வயிற்றுக்குள் இன்னும் சில சுருக்கக் கோப்புகளை வைத்திருந்தது. அவற்றில் ஒன்றிரண்டுக்குள் ஆயுதம் இருந்தது.

அதை எப்படிப் பிரித்துப் படித்தார்கள் என்பதே இந்த அத்தியாயம்.

சுருக்கம் எதை மறைக்கிறது

'அம்மா' என்ற சொல்லைக் கணினி எப்படிச் சேமிக்கிறது என்று பார்ப்போம். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள். ஆக 15 பைட்: 224 174 133, 224 174 174, 224 175 141, 224 174 174, 224 174 190. ஒவ்வொரு மூன்றிலும் முதல் எண் 224. இரண்டாவது எண் 174 அல்லது 175. தமிழில் எழுதிய எந்தக் கட்டுரையிலும், எந்த நாவலிலும் இதுவே நிலை. மூன்றாவது எண்ணில்தான் உண்மையான செய்தி இருக்கிறது.

இப்படித் திரும்பத் திரும்ப வருவதை விலக்கி, வேறுபடுவதை மட்டும் குறித்துக்கொள்வதுதான் சுருக்கம். முன்பு வந்த ஒரு தொடர் மறுபடி வந்தால் அதை மீண்டும் எழுதாமல், இத்தனை பைட் பின்னால் போய் இத்தனை பைட்டை எடுத்துக்கொள் என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும். அடிக்கடி வரும் குறிப்புக்குக் குறைந்த பிட், அரிதாக வருவதற்கு அதிக பிட். ஜிப், ஜிஜிப், எக்ஸ்இசட் எல்லாமே இந்த இரண்டு எண்ணங்களின் வெவ்வேறு கலவைகள். எக்ஸ்இசட் பயன்படுத்தும் எல்இசட்எம்ஏ முறையை வகுத்தவர், 7-ஜிப் மென்பொருளை எழுதிய இகோர் பாவ்லோவ்.

நன்றாகச் சுருக்கிய கோப்பில் ஊகிக்கக் கூடியது எதுவும் மிஞ்சாது. அதை ஒரு எண்ணாகவே அளக்கலாம். கிளாட் ஷானன் 1948இல் தந்த 'என்ட்ரபி' என்ற அளவின்படி, ஒரு பைட் சுமக்கக்கூடிய புதுச் செய்தி அதிகபட்சம் 8 பிட். தமிழ் உரை அதற்கு வெகு கீழே நிற்கும். சுருக்கிய கோப்பு 8ஐ ஒட்டி நிற்கும். மறையாக்கம் செய்த கோப்பும் அங்கேதான் நிற்கும். குருட்டுத்தனமாகத் தூவிய எண்களும் அங்கேதான். தடயவியலாளருக்கு இங்கேதான் சிக்கல். நல்ல சுருக்கக் கோப்பும், உள்ளே எதையோ ஒளித்து வைத்த கோப்பும் வெளிப்பார்வைக்கு ஒரே இரைச்சலாகத் தெரியும். உரைக் கோப்பில் ஒரு கள்ள வரி இருந்தால் படிப்பவர் கண்ணில் படும். சுருக்கக் கோப்பில் படிக்க எதுவும் இல்லை.

இருந்தாலும் ஓரங்களில் சில அடையாளங்கள் உண்டு. ஜிஜிப் கோப்பின் முதல் இரண்டு பைட் 31, 139. ஜிப் கோப்பு 80, 75 என்று தொடங்கும். அம்முறையை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை. எக்ஸ்இசட் கோப்பு 253, 55, 122, 88, 90, 0 என்று தொடங்கி 89, 90 என்று முடியும். கோப்பின் பெயர் எதையாவது சொல்லும். இந்த எண்கள் வேறு எதையாவது சொல்லும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதிலிருந்து ஆய்வு தொடங்குகிறது.

முதலில் செய்வது

சந்தேகத்துக்குரிய பொதி கைக்கு வந்ததும் அதைத் திறக்கக் கூடாது. அதன் ஹேஷ் மதிப்பைக் கணக்கிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். எஸ்எச்ஏ-256 முறையில் கிடைக்கும் 64 இலக்க மதிப்பு, பொதியில் ஒரே ஒரு பிட் மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும். நாளை நீதிமன்றத்திலோ ஆய்வரங்கிலோ, நான் ஆராய்ந்தது இதே கோப்புதான் என்று நிறுவ அதுவே சான்று. அடுத்து, மூலப்படியை ஒதுக்கி வைத்துவிட்டு, இணையத்தொடர்பு இல்லாத மெய்நிகர் கணினி ஒன்றில் நகலை வைத்து வேலை செய்ய வேண்டும். அங்கும் பொதியை விரிக்காமல், உள்ளே என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலை மட்டும் முதலில் வாசிக்க வேண்டும்.

இந்த எச்சரிக்கைக்குக் காரணங்கள் உண்டு. '42.ஜிப்' என்று பெயர்பெற்ற கோப்பு வெறும் 42 கிலோபைட். அடுக்கடுக்காக விரித்துக்கொண்டே போனால் 4.5 பெட்டாபைட் ஆகும். விரிக்கப் புறப்பட்ட கணினி மூச்சுத்திணறி நின்றுவிடும். வேறு சில பொதிகளில் கோப்பின் பெயரே பொறி. மேல் கோப்புறைக்குப் போ என்று பொருள்படும் இரட்டைப் புள்ளிகளைப் பெயருக்குள் நுழைத்து, விரிக்கும்போது நாம் சொன்ன இடத்தை விட்டு வேறிடத்தில் போய் உட்காரும். 2023இல் வின்ரார் மென்பொருளில் கண்டுபிடித்த ஓட்டையில், பொதிக்குள் இருக்கும் ஆவணத்தின் பெயரிலேயே ஒரு கோப்புறையும் இருக்கும். பயனர் ஆவணத்தைச் சொடுக்கினால் கோப்புறைக்குள் இருக்கும் நிரல் ஓடும். பங்குச் சந்தை வணிகர்களைக் குறிவைத்துப் பல மாதங்கள் இதைப் பயன்படுத்திய பிறகே வின்ரார் 6.23 பதிப்பில் அடைத்தார்கள்.

எக்ஸ்இசட் 5.6.0 பொதி இந்தச் சோதனை எல்லாவற்றிலும் தேறியிருக்கும். தொடக்க எண்கள் சரி. பட்டியலில் விபரீதமான பெயர் இல்லை. விரித்தால் வழக்கமான அளவு. மூலநிரல் சரியாகத் தொகுக்கப்பட்டது, மென்பொருளும் சொன்ன வேலையைச் செய்தது. மின்கையொப்பமும் செல்லுபடியானது, திட்டத்தின் அதிகாரபூர்வப் பராமரிப்பாளர்களில் ஒருவரே போட்டது. எண்ணெய் டின்னின் சீல் உடையவில்லை என்றால் அது கடையிலிருந்து வீடு வரும் வழியில் கலப்படமாகவில்லை என்று அறியலாம். செக்கில் என்ன கலந்தார்கள் என்பதை அந்த சீல் சொல்லாது. கையொப்பமும் ஹேஷும் அப்படித்தான்.

இரண்டு பட்டியல்கள்

பொதியை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் கிடைக்காத விடை, அதை இன்னொன்றோடு ஒப்பிட்டபோது கிடைத்தது.

திறந்தமூல மென்பொருள் இரண்டு வடிவங்களில் கிடைக்கும். ஒன்று 'கிட்' களஞ்சியம். யார், எந்த வரியை, எப்போது மாற்றினார் என்ற முழு வரலாறும் அங்கே பொதுவில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மற்றது வெளியீட்டுப் பொதி. ஒவ்வொரு பதிப்பும் தயாரானதும் பராமரிப்பாளர் தன் கணினியில் அதைக் கட்டி வெளியிடுவார். லினக்ஸ் வழங்கல்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது இந்தப் பொதியைத்தான்.

இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். நடைமுறையில் அப்படி இருப்பதில்லை. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. 'ஆட்டோடூல்ஸ்' என்னும் பழைய கருவித்தொகுப்பைப் பயன்படுத்தும் திட்டங்களில், தொகுப்பதற்கு முன் கணினியின் இயல்புகளைச் சோதிக்கும் மிக நீளமான நிரல்களைக் கருவியே உருவாக்கித் தரும். பயனரிடம் அந்தக் கருவி இல்லாமலும் வேலை நடக்க வேண்டும் என்பதற்காக, உருவாக்கிய நிரல்களையும் பொதியில் சேர்த்துவிடுவது பல பத்தாண்டு வழக்கம். எனவே பொதியில் இருந்து களஞ்சியத்தில் இல்லாத கோப்பு என்றால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. ஆயிரக்கணக்கான வரிகள் நீளும் அந்தக் கோப்புகளை யாரும் படிப்பதும் இல்லை. தாக்குதல் நடத்தியவர் ஒளிந்தது இந்த வழக்கத்துக்குள்தான்.

பொதியையும் களஞ்சியத்தையும் அருகருகே வைத்து வேறுபாடுகளைப் பட்டியலிட்டால், எதிர்பார்த்த கோப்புகளுக்கு நடுவே 'பில்ட்-டு-ஹோஸ்ட்.எம்4' என்ற ஒன்று வரும். குனூ திட்டத்தின் பொதுக் கிடங்கில் இந்தப் பெயரில் நேர்மையான கோப்பு ஒன்று உண்டு; பல மென்பொருள்கள் அதை எடுத்துப் பயன்படுத்துகின்றன. ஆகவே பெயரில் குற்றமில்லை. ஆனால் அசல் கோப்பின் தலைப்பில் வரிசை எண் 3. பொதியில் இருந்ததன் வரிசை எண் 30. கருவி தானாக இயங்கும்போது பழைய எண் கொண்ட கோப்பை நீக்கிப் புதிய எண் கொண்டதை வைக்கும். அசல் கோப்பு வந்து கள்ளக் கோப்பைத் தள்ளிவிடாதபடி எண்ணைக் கூட்டியிருக்கிறார்கள். ஒரு சுழியம்தான் கூடுதல். தவறுதலாகச் சேர்ந்த வரி என்ற ஐயத்துக்கே அது இடம் தரவில்லை.

கெட்டதென்று பெயர் வைத்தவை

அந்தக் கோப்பில் கூடுதலாக இருந்த வரிகள் ஒரு தேடலைச் செய்கின்றன. மூலநிரல் கோப்புறை முழுவதிலும், நான்கு ஹேஷ் (#) குறிகள், இடையில் ஐந்து எழுத்து, மறுபடி நான்கு ஹேஷ் குறிகள் என்ற வடிவம் எங்கே இருக்கிறது என்று பார்க்கின்றன. ஒரே ஒரு கோப்புதான் சிக்கும். அது சோதனைக் கோப்புகளுக்கான அறையில், 'கெட்டது-3' என்ற பொருளில் தொடங்கும் பெயரோடு, பழுதான எக்ஸ்இசட் கோப்பு என்ற அடையாளத்தோடு கிடக்கும். ஹேஷ் குறிகளுக்கு நடுவே இருக்கும் ஐந்து எழுத்துச் சொல் 'ஹலோ'. இறுதியில் அதேபோல 'வேர்ல்டு'.

சுருக்க மென்பொருளுக்குப் பழுதான கோப்புகள் தேவை. உடைந்த கோப்பைக் கொடுத்தால் மென்பொருள் நிலைகுலையாமல் பிழை சொல்கிறதா என்று சோதிக்க வேண்டுமல்லவா? ஆகவே எக்ஸ்இசட் திட்டத்தில் 'நல்லது', 'கெட்டது' என்று பெயர் தொடங்கும் சிறு கோப்புகள் ஏற்கெனவே ஏராளம். 2024 பிப்ரவரியில் அவற்றோடு இன்னும் சில சேர்ந்தன. உடன் வந்த விளக்கக் குறிப்பு, இந்தக் கோப்பில் மூன்று ஓடைகள் உண்டு, முதலும் மூன்றாவதும் சரி, நடுவில் உள்ளது பழுது என்று சொன்னது. விரித்துப் பார்ப்பவருக்குப் பிழைச்செய்தி வரும். பழுதான கோப்பில் பிழை வருவதுதானே முறை? அதோடு அவர் நகர்ந்துவிடுவார்.

நடு ஓடையின் பழுது வேண்டுமென்றே செய்தது, மீட்கக் கூடியது. பைட் மதிப்பு 9 இருக்குமிடத்தில் 32, 32 இருக்குமிடத்தில் 9; 45 இருக்குமிடத்தில் 95, 95 இருக்குமிடத்தில் 45. அதாவது டேப் குறியும் இடைவெளியும் இடம் மாறியிருந்தன. சிறு கோடும் அடிக்கோடும் இடம் மாறியிருந்தன. யூனிக்ஸில் எழுத்துக்கு எழுத்து மாற்றும் எளிய கட்டளை ஒன்று உண்டு. அதைக் கொண்டு இந்த நான்கையும் திருப்பி மாற்றினால் 'கெட்ட' கோப்பு நல்ல எக்ஸ்இசட் கோப்பாகிவிடும். விரித்தால் உள்ளே ஒரு சிறு கட்டளைத்தொடர்.

முதல் அடுக்கு கழன்றது. அந்தக் கட்டளைத்தொடர் இரண்டாவது சோதனைக் கோப்பைக் கையில் எடுக்கிறது. 'நல்லது' என்று தொடங்கும் பெயர். பெரிய எல்இசட்எம்ஏ கோப்பு. இதை விரிப்பதில் தடையில்லை. விரித்ததும் வருவதில் முதல் 1,024 பைட்டை எறிந்துவிட்டு அடுத்த 2,048 பைட்டை வைத்துக்கொள்கிறது. மீண்டும் 1,024ஐ எறிகிறது, 2,048ஐ வைத்துக்கொள்கிறது. மூன்றில் ஒரு பங்கு குப்பையை இப்படிச் சல்லடை போட்டு நீக்கிய பிறகு, மிஞ்சியதன் பின்பகுதியில் ஒவ்வொரு பைட்டையும் ஓர் அட்டவணைப்படி வேறு பைட்டாக மாற்றுகிறது. கிடைப்பதை மறுபடி விரிக்கிறது. இப்போது கையில் இருப்பது மேலும் நீளமான இன்னொரு கட்டளைத்தொடர்.

அடுத்த அடுக்கு இதே கோப்பின் இன்னொரு பகுதியிலிருந்து வருகிறது. இம்முறை மறையாக்கத்தை அவிழ்க்க வேண்டும். அதற்கான ஆர்சி4 வகை நிரலை, உரைகளைப் பிரித்தெடுக்கும் சாதாரணக் கருவியான 'ஆக்' மொழியிலேயே எழுதியிருந்தார்கள். மென்பொருள் தொகுக்கும் எந்தக் கணினியிலும் இருக்கும் கருவிகள் மட்டுமே போதும்; புதிதாக எதையும் தரவிறக்கத் தேவையில்லை. இந்த அடுக்கும் கழன்றால் 88,000 பைட்டுக்குச் சற்று அதிகமான, ஏற்கெனவே தொகுத்து முடித்த இயந்திர நிரல் கிடைக்கும். கட்டளைத்தொடர் அதை நேர்மையான நிரல்களோடு சேர்த்துத் தைத்துவிடும்.

தடயவியலாளர்கள் இதைப் படித்த விதத்தைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்கிலும், கிடைத்த கட்டளையை ஓடவிடாமல், ஓடுவதற்கு முந்தைய படியோடு நிறுத்தி, வெளிவரும் பைட்டுகளை ஒரு கோப்பில் கொட்டிப் படித்தார்கள். தாக்கியவர் எழுதிய குழாய்வரிசையின் கடைசிக் கண்ணியை மட்டும் கழற்றிவிட்டால், அவருடைய சாவியே பூட்டைத் திறந்துகொடுக்கும்.

இப்போது முழுப்படமும் தெரிகிறது. மறைத்து வைத்த சுமை களஞ்சியத்தில் எல்லோர் கண்முன்னும் கிடந்தது. அதை எழுப்பும் வரி அங்கே இல்லை. எழுப்பும் வரி வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது. களஞ்சியத்தைப் படித்தவருக்கு உயிரற்ற சோதனைக் கோப்புகள் தெரிந்தன. பொதியை எடுத்தவர் யாரும் படிக்கவில்லை.

5.6.1 பதிப்பில் இன்னொன்றும் சேர்ந்தது. குறிப்பிட்ட அடையாளங்கள் கொண்ட புதிய சோதனைக் கோப்பு எதிர்காலத்தில் வந்தால், அதையும் தேடி எடுத்து இயக்கும் ஏற்பாடு. அடுத்த முறை எம்4 கோப்பைத் தொடவே வேண்டியிருக்காது. நீண்ட காலம் தங்கும் திட்டத்தோடு வந்தவரின் வேலை இது.

வாசலுக்குப் போன வழி

சுருக்க நிரலகத்தில் தைத்த நிரல் எப்படி வாசல்காவலுக்குப் போய்ச் சேர்ந்தது? எஸ்எஸ்ஹெச்டி அடங்கிய ஓப்பன் எஸ்எஸ்ஹெச் மென்பொருள் லிப்எல்இசட்எம்ஏவைப் பயன்படுத்துவதே இல்லை. ஆனால் டெபியன் உள்ளிட்ட சில வழங்கல்கள், எஸ்எஸ்ஹெச்டி தொடங்கியதும், சேவைகளை நிர்வகிக்கும் 'சிஸ்டம்டி'க்குத் தகவல் சொல்வதற்காகச் சிறு ஒட்டு ஒன்றைச் சேர்த்திருந்தன. அந்த ஒட்டு சிஸ்டம்டி நிரலகத்தை இழுத்து வரும். அது லிப்எல்இசட்எம்ஏவை இழுத்து வரும்.

நுழைந்த இடம், சுருக்கக் கோப்பு பழுதாகியிருக்கிறதா என்று கணக்கிட்டுச் சொல்லும் சிஆர்சி செயற்கூறு. ஒரே செயற்கூற்றுக்கு இரண்டு மூன்று வடிவங்கள் எழுதிவைத்து, கணினியின் செயலிக்கு எது வேகமோ அதைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க லினக்ஸில் ஒரு வசதி உண்டு. அந்தத் தேர்வு மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நடக்கும். கள்ள நிரல் அந்தக் கணத்தில் விழித்துக்கொண்டு, நினைவகத்தில் இருக்கும் குறியீட்டு அட்டவணைகளை அலசி, எஸ்எஸ்ஹெச்டி கையொப்பம் சரிபார்க்கும் ஆர்எஸ்ஏ செயற்கூறு இருக்கும் இடத்தில் தன் முகவரியை எழுதிவிடும். ஃப்ராய்ண்ட் கண்ட கூடுதல் அரை வினாடி, இந்த அலசலுக்கு ஆன நேரம்.

அதன் பிறகு நுழைய வருபவர் தரும் சாவிக்குள் ஒரு கட்டளை மறைந்திருக்கிறதா என்று அது பார்க்கும். இருந்தால், எட்448 என்ற முறையில் போட்ட கையொப்பம் சரியா என்று சோதிக்கும். சரியென்றால் கட்டளையை முழு அதிகாரத்தோடு இயக்கும். அந்தக் கையொப்பம் போடத் தேவையான ரகசிய எண் தாக்கியவரிடம் மட்டுமே உண்டு. வேறு யாரும் இந்தக் கதவைத் திறக்க முடியாது. பாதிக்கப்பட்ட கணினிகள் எவை என்று வெளியிலிருந்து தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஆய்வாளரைக் கண்டால் ஒளிந்துகொள்ளும் குணமும் அதற்கு இருந்தது. 64 பிட் எக்ஸ்86 செயலியில், லினக்ஸில், டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதியாகத் தொகுக்கும்போது மட்டுமே அது உள்ளே சேரும். தனக்காக வீட்டில் தொகுத்துப் பார்ப்பவரிடம் தலைகாட்டாது. இயங்கும் நிரலின் பெயர் எஸ்எஸ்ஹெச்டியாக இருந்து, முனையத்திலிருந்து யாரும் அதைக் கையால் தொடங்காமல் இருந்து, பிழைநீக்கக் கருவிகள் அருகில் இல்லாதிருந்தால்தான் விழிக்கும்.

கோப்பைக் கட்டியவர்

'ஜியா டான்' என்ற பெயரில் 2021இல் ஒருவர் எக்ஸ்இசட் திட்டத்துக்குத் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். அப்போது அந்தத் திட்டத்தைப் பின்லாந்தைச் சேர்ந்த லாசே கொலின் ஊதியமில்லாமல், ஏறத்தாழத் தனி ஆளாகக் காத்துவந்தார். 2022இல் வேறு சில பெயர்கள் வந்தன. வேலை மெதுவாக நடக்கிறது, புதியவரிடம் பொறுப்பைக் கொடு என்று அவை நெருக்கின. தன் மனநலம் நீண்ட நாளாகச் சரியில்லை என்றும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்றும் கொலின் பொதுவில் பதில் எழுதினார். நெருக்கிய அந்தப் பெயர்களுக்கு வேறெங்கும் தடயம் இல்லை. வேலை முடிந்ததும் அவை காணாமல் போயின. ஜியா டான் இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2023இல் வெளியீட்டுப் பொதிகளைக் கட்டும் பொறுப்பும் அவரிடம் வந்தது.

திரும்பிப் பார்க்கும்போது ஒவ்வொரு அசைவும் பொருள் பெறுகிறது. 2023 ஜூலையில், திறந்தமூல மென்பொருள்களைத் தானாகச் சோதிக்கும் கூகுளின் சேவையில், மேலே சொன்ன செயற்கூறு தேர்வு வசதியை எக்ஸ்இசட்டுக்கு மட்டும் அணைத்துவைக்கக் கேட்டுப் பெற்றார். 2024 பிப்ரவரியில், மென்பொருளைப் பாதுகாப்பு வளையத்துக்குள் வைக்கும் 'லேண்ட்லாக்' வசதி கணினியில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை நிரலில் ஒரே ஒரு புள்ளி கூடுதலாக வந்தது. அந்தப் புள்ளியால் சோதனை எப்போதும் தோற்கும். வசதி இல்லையென்று முடிவாகிப் பாதுகாப்பு வளையம் சத்தமில்லாமல் விலகிக்கொள்ளும்.

அவருடைய மாற்றங்களில் பெரும்பாலானவை உலகப் பொது நேரத்துக்கு 8 மணி முந்திய நேர வலயத்தின் முத்திரையோடு பதிவாகியிருக்கின்றன. சில மட்டும் 2 அல்லது 3 மணி முந்திய வலயத்தில். கணினியின் நேர வலயத்தை யாரும் விரும்பியபடி அமைத்துக்கொள்ளலாம் என்பதால், இந்தத் தடயம் ஒரு நாட்டைச் சுட்டப் போதாது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது ஒருவரா, ஒரு குழுவா என்பது இதுவரை பொதுவில் நிறுவப்படவில்லை. நிறுவப்பட்டிருப்பது பொறுமை. இரண்டு ஆண்டுக்கு மேல் நேர்மையாக உழைத்துச் சம்பாதித்த நம்பிக்கையை அவர் ஒரே பொதியில் செலவிட்டார்.

பிறகு

5.6.0 பிப்ரவரி 24 அன்றும், 5.6.1 மார்ச் 9 அன்றும் வெளியாயின. மார்ச் 29க்குள் டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்புகள், ஓப்பன்சூசே டம்பிள்வீட், காலி லினக்ஸ் ஆகியவற்றுக்கு அவை போய்ச் சேர்ந்திருந்தன. வங்கிகளும் மருத்துவமனைகளும் நம்பி ஓட்டும் நிலையான பதிப்புகளுக்குப் போகவில்லை. இந்த ஓட்டைக்கு ஆபத்து அளவீட்டில் உச்சமான 10.0 மதிப்பெண் தந்தார்கள். டெபியன் அவசரமாக 5.4.5க்குத் திரும்பியது. பதிப்பெண் குறைந்தால் பயனர்களின் கணினி ஏற்காது என்பதால், '5.6.1, உண்மையில் 5.4.5' என்று பொருள்படும் பெயரில் அந்தப் பொதியை அனுப்பியது. லாசே கொலின் வரலாறு முழுவதையும் வரிவரியாக அலசி, கள்ளக் கோப்புகளை நீக்கி, மே 29 அன்று 5.6.2 பதிப்பை வெளியிட்டார்.

ஒரு பொறியாளரின் கூர்மை உலகைக் காத்தது என்று இந்தக் கதையை முடிப்பவர்கள் உண்டு. ஃப்ராய்ண்டின் கூர்மை உண்மை. அவருக்கு நாம் பட்ட கடன் பெரியது. ஆனால் அந்த அட்டவணை அலசல் இன்னும் வேகமாக நடந்திருந்தால் அவர் கண்ணில் எதுவும் பட்டிருக்காது. ஒருவருடைய கண்ணை நம்பி ஓர் உலகம் இயங்கக் கூடாது. இந்தப் பொதி கற்பித்த பாடம் எளிமையானது: ஒரு சுருக்கக் கோப்பை அதன் பெயரை வைத்தோ, சீலை வைத்தோ, கட்டியவரின் நற்பெயரை வைத்தோ நம்பக் கூடாது. வேறொருவர் வேறொரு கணினியில், பொதுவில் கிடக்கும் மூலநிரலிலிருந்து அதே பொதியைப் பிட்டுக்குப் பிட் மாறாமல் கட்டிப் பார்க்க முடிந்தால் மட்டுமே நம்ப வேண்டும். மறுஉருவாக்கத் தொகுப்பு என்ற இந்த முறைக்காக டெபியனில் உள்ளவர்கள் 2013 முதலே உழைத்துவந்தார்கள். எக்ஸ்இசட்டுக்குப் பிறகு, வெளியீட்டுப் பொதிகளை விட்டுக் களஞ்சியத்திலிருந்தே மூலநிரலை எடுக்க வேண்டும் என்ற குரல் பல வழங்கல்களில் வலுத்தது.

அறிவியலில் ஒருவர் கண்ட முடிவை இன்னொருவர் தன் ஆய்வகத்தில் திரும்பச் செய்துபார்த்த பிறகே ஏற்கிறோம். செய்தவர் யார் என்பது அங்கே கணக்கில் வராது. மென்பொருளுக்கும் அந்தக் கட்டுப்பாடு வர வேண்டும். அதைச் சரிபார்க்கும் மனிதர்களுக்குச் சம்பளமும் துணையும் ஓய்வும் வர வேண்டும். இங்கே தாக்குதல் முதலில் நுழைந்தது எந்தக் கணினியிலும் இல்லை. பல ஆண்டுகளாக ஒற்றை ஆளாய் ஒரு நிரலகத்தைச் சுமந்து களைத்துப்போன மனிதர் ஒருவரின் வாழ்க்கையில்தான் அது நுழைந்தது. அவரைப்போல உலகின் கணினிகளைத் தாங்கிக்கொண்டு, யாரும் பெயர் அறியாமல் உழைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய் உதவி வேண்டுமா என்று கேட்பது, எந்தக் கோப்பையும் திறப்பதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய பாதுகாப்புப் பணி.